காட்டுக்கு யார் காவல்?

துப்பறியும் கதைகளில் ஒரு பழைய உத்தி உண்டு. திருடன் என்னென்ன கொண்டு போனான் என்று வீட்டுக்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள். துப்பறிகிறவர் மட்டும், அவன் எதைத் தொடாமல் விட்டுப் போனான் என்று பார்ப்பார். சரித்திரம் படிக்கிறபோதும் இந்த உத்தி சில சமயம் கைகொடுக்கிறது.

1921-ம் வருஷம் கோடையில், இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பிரதேசத்துக் காடுகள் பற்றி எரிந்தன. ஒன்றிரண்டு இடங்களில் அல்ல, நூற்றுக்கணக்கான இடங்களில். அவற்றில் பல, தானாகப் பற்றிக்கொண்ட தீ அல்ல. மனிதர்கள் தெரிந்தே வைத்த தீ. தூரத்தில் இருந்து இந்தச் செய்தியைப் படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? காட்டின் அருமை தெரியாத ஜனங்கள், சர்க்காரின் மேல் இருந்த கோபத்தை மரங்களின் மேல் காட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

ஆனால் எரிந்தது எது, எரியாமல் நின்றது எது என்று பார்த்தால் கதை வேறாகிவிடுகிறது. சரித்திர ஆசிரியர் ராமச்சந்திர குஹா இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். எரிந்தவை பைன் காடுகள். பக்கத்து மலைகளிலேயே பரந்து கிடந்த ஓக் மரக் காடுகளும் அப்போது சர்க்கார் வசத்தில்தான் இருந்தன. அவற்றில் யாரும் கொள்ளிக்கட்டையைக் கொண்டுபோய் வைத்ததாகச் சான்று இல்லை. வெறி பிடித்தவனுக்கு மரங்களில் ஜாதி தெரியாது. தீ வைத்த இந்தக் கைகளுக்கோ, எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த வித்தியாசம் ஏன் வந்தது? அதைச் சொல்லப் போனால், ஒரு காட்டுக்கும் அதன் ஓரத்தில் பிழைக்கிற மனிதனுக்கும் உள்ள உறவின் முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

குமாவுன் என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது நைனிதால் ஏரி. அல்லது ஜிம் கார்பெட்டின் புலிகள். கார்பெட்டின் புத்தகத்தைப் படித்தவர்கள், புலி அடித்துக்கொண்டு போன பெண்கள் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டும். புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அல்லது மாட்டுக்காக மரமேறித் தழை வெட்டிக்கொண்டிருந்தார்கள். புலி வாய்க்குப் பயந்து வீட்டில் இருந்துவிட முடியாத தேவை அது.

அந்த மலைகளில் விவசாயம் என்பது படிப்படியாக வெட்டிய சிறு சிறு வயல்கள். மண்ணில் சத்து குறைவு. எரு போட்டால்தான் விளைச்சல். எருவுக்கு மாடு வேண்டும். மாட்டுக்குத் தீனி வேண்டும். தீனிக்குக் காடு வேண்டும். இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற சங்கிலியில் காடு ஒரு கண்ணி. பாஞ்ச் என்று அவர்கள் சொல்லும் ஓக் மரம் இதில் கற்பகத் தரு மாதிரி. பனிக்காலத்தில் புல் காய்ந்துபோன பிறகும் அது பச்சையாக நிற்கும். அதன் தழை மாட்டுக்கு உணவு. உதிர்ந்த இலை தொழுவத்தில் பரப்பிப் பிறகு எருவாகும். அதன் கட்டை நின்று எரிகிற விறகு. ஓக் காடு உள்ள இடத்தில் ஊற்று வற்றாது என்பது அங்கே எல்லோரும் சொல்லுவது.

பைன் மரம் அப்படி அல்ல. அதன் ஊசியிலையை மாடு தின்னாது. கோடையில் அது உதிர்ந்து மெத்தை மாதிரி தரையை மூடிக்கொள்ளும். கால் வைத்தால் வழுக்கும். அடியில் புல் முளைக்க விடாது. ஆகையால் வருஷா வருஷம் அந்தச் சருகைக் கொளுத்திவிடுவது கிராமத்து வழக்கம். மழை விழுந்ததும் கரிந்த தரையில் இளம்புல் கிளம்பும். ஓக் காட்டில் தீ ஆபத்து. பைன் காட்டில் தீ மேய்ச்சலுக்கு ஒரு கருவி. இது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

1815-ல் கூர்க்கர்களிடமிருந்து குமாவுன் கும்பினியாரின் கைக்கு வந்தது. கமிஷனராக இருந்த டிரெயில் துரை 1823-ல் கிராமங்களின் எல்லைகளைக் குறித்து எழுதி வைத்தார். விக்கிரம சகாப்தம் 1880-ல் நடந்ததால் அதை ‘எண்பதாம் வருஷத்து எல்லை’ என்றே ஜனங்கள் சொல்லி வந்தார்கள். இன்ன ஓடையிலிருந்து இன்ன முகடு வரை இந்தக் கிராமத்துக்கு என்று இருந்த அந்த எல்லைக்குள் வயல் மட்டுமல்ல, புல்தரையும் காடும் சேர்ந்தே இருந்தன. பட்டா இல்லை; ஆனால் பாத்தியதை இருந்தது. அடுத்த ஊர்க்காரன் உள்ளே வந்து தழை வெட்டினால் கேட்பதற்கு ஆள் இருந்தது.

பிறகு ரயில் வந்தது. ரயில் பாதை போடத் தண்டவாளத்துக்கு அடியில் சிலீப்பர் கட்டை வேண்டும். அடிவாரத்துச் சால மரமும், மேலே தேவதாருவும், பிற்பாடு பக்குவப்படுத்திய பைன் மரமும் அதற்குப் பயன்பட்டன. பைன் மரத்தைக் கீறிவிட்டால் பிசின் வடியும். அதைக் காய்ச்சினால் டர்ப்பெண்டைன். கிராமத்தானுக்கு மாட்டுத் தீனிகூடத் தராத மரம் சர்க்காருக்குப் பணம் காய்க்கிற மரமாயிற்று.

1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தது. 1893-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி ஓர் அறிவிப்பு வெளியாயிற்று: அளந்து பட்டாக் கொடுக்காத நிலமெல்லாம் சர்க்காரின் பாதுகாப்புக்கு உட்பட்ட காடு. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், புறம்போக்கு முழுவதும் ஒரே நாளில் காட்டிலாகாவின் கணக்கில் ஏறிற்று. அதில் மரம் இருக்கிறதா, மொட்டைப் பாறையா என்று யாரும் பார்க்கவில்லை. 1911-லிருந்து 1917 வரை நடந்த ஏற்பாட்டில் சுமார் 3,000 சதுர மைல் ‘ரிசர்வ்’ காடாக ஒதுக்கப்பட்டது. எத்தனை மாடு மேய்க்கலாம், எவ்வளவு விறகு எடுக்கலாம், எந்த மரத்தில் தழை வெட்டலாம் என்பதற்கெல்லாம் விதிகள் வந்தன. ரிசர்வ் எல்லைக்கு ஒரு மைல் தூரத்துக்குள் வழக்கப்படி புல்லுக்காகத் தீ வைப்பதும் குற்றமாயிற்று.

விதி என்பது காகிதத்தில் இருக்கிறவரை அதற்கு முகம் இல்லை. காட்டு ஓரத்தில் அது காட்டிலாகாக் காவல்காரனின் முகத்தோடு வந்து நிற்கும். அவன் அந்த ஊர்க்காரன் அல்ல, சம்பளம் சொற்பம், அதிகாரமோ பெரிது. அவன் எதிரில் நிற்பவள் பெரும்பாலும் ஒரு பெண். அதிகாலையில் அரிவாளும் கயிறுமாகக் கிளம்பி, மதியம் சுமையோடு திரும்பி வருகிறவள். நேற்றுவரை அவளும், அவள் மாமியாரும், அந்த மாமியாரின் மாமியாரும் அறுத்த புல் இன்றைக்குத் திருட்டுப் புல். அவளுக்கு இது எந்த நியாயத்தில் விளங்கும்? காட்டை ஆள்கிற உத்தியோகஸ்தரின் கண்ணில் அவள் காட்டை அழிக்கிறவள். அவள் கண்ணில் அவர் காட்டைப் பறித்துக்கொண்டவர்.

இதோடு, மலை நாட்டில் இன்னொரு கொடுமையும் இருந்தது. துரைமார் சுற்றுப்பயணம் வந்தால் கிராமத்தார் கூலியில்லாமலோ, பேருக்கு ஒரு கூலி வாங்கிக்கொண்டோ மூட்டை தூக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் விகிதம் குறித்து வைத்த கூலிப் பதிவேடுகளே இருந்தன. 1921-ம் வருஷம் ஜனவரியில், நமக்குப் பொங்கல் திருநாள் வருகிற அதே சமயத்தில், சரயு நதிக்கரையில் பாகேசுவரம் என்ற ஊரில் உத்தராயணத் திருவிழா கூடிற்று. பத்ரி தத் பாண்டே முதலியவர்கள் பேசினார்கள். ஜனங்கள் இனிமேல் மூட்டை தூக்குவதில்லை என்று சபதம் செய்தார்கள். பதிவேடுகள் சரயுவில் மிதந்து போயின. அந்த உத்ஸாகம் அடங்குவதற்குள் கோடை வந்தது. நான் ஆரம்பத்தில் சொன்ன தீயும் வந்தது.

சர்க்கார் எரித்தவர்களைச் சிறையில் போட்டது. ஆனால் அதோடு நிற்காமல், காரணம் கேட்கவும் கேட்டது. கமிஷனர் விண்டாம் துரையின் தலைமையில் ஒரு குறைகேட்புக் கமிட்டி 5,000 பேருக்கு மேல் சாட்சியம் வாங்கிற்று. பிற்காலத்தில் உத்தரப் பிரதேசத்தின் முதல் மந்திரியாகவும் இந்தியாவின் உள்துறை மந்திரியாகவும் இருந்த கோவிந்த வல்லப பந்த், அப்போது நைனிதாலில் வக்கீல். 1922-ல் அவர் குமாவுன் காட்டுப் பிரச்னையைப் பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதினார்.

கமிட்டியின் யோசனைப்படி காடுகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டன. வியாபாரத்துக்கு உதவாத காடுகள் முதல் வகை. அவை காட்டிலாகாவிடமிருந்து ரெவின்யூ இலாகாவுக்கு மாற்றப்பட்டன. பணம் தரும் காடுகள் இரண்டாவது வகை. அவை காட்டிலாகாவிடமே தங்கின. முதல் வகைக் காடுகளில் அநேகமாகக் கட்டுப்பாடு ஒன்றுமே இல்லை.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொடுமை செய்த காவல்காரன் போய்விட்டான், ஜனங்களிடம் காடு திரும்பி வந்தது, சுபம். நாவலாசிரியன் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவான். சரித்திரம் மூடுவதில்லை. திறந்துவிட்ட காடுகள் பல இடங்களில் தேய்ந்துபோயின. கிராமத்துக்குத் திரும்பிக் கிடைத்திருந்தால் விஷயம் வேறு; அவை யாருக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. எந்த ஊருக்கு எந்தக் காடு என்ற பழைய எல்லை குழம்பிப்போயிருந்தது. நான் விட்டு வைத்த கிளையை நாளைக்கு அடுத்த ஊர்க்காரன் வெட்டிக்கொண்டு போவான் என்று தெரிந்தால், இன்றைக்கே அதை வெட்டாமல் விடுவதற்கு நான் என்ன ரிஷியா? கட்டுப்பாடு இல்லாத இடத்தில் நல்லவனும் பேராசைக்காரனாகத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆக, பத்து வருஷத்துக்குள் குமாவுன் இரண்டு பாடங்களைப் படித்துவிட்டது. அந்நியனின் காவல் தீயில் முடிந்தது. காவலே இல்லாமை கோடாரியில் முடிந்தது. மூன்றாவது வழி ஒன்று வேண்டியிருந்தது.

1931-ல் அது வந்தது. வன பஞ்சாயத்து விதிகள் என்று பெயர். ஒரு கிராமத்தார் விரும்பினால், தங்கள் எல்லைக்குள் இருக்கும் காட்டுக்கு ஒரு பஞ்சாயத்து வைத்துக்கொள்ளலாம். ஊரார் சேர்ந்து பஞ்சாயத்தாரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்குள் ஒருவர் சர்பஞ்ச். காட்டை விற்க முடியாது. பாகம் பிரித்து வயலாக்க முடியாது. பச்சை மரம் வெட்ட மேலிடத்து உத்தரவு வேண்டும். மற்றப்படி புல்லும், தழையும், விறகும், மேய்ச்சலும் அவர்கள் பொறுப்பு. இந்த யோசனை குமாவுனுக்கு மட்டும் உரியதல்ல. சென்னை ராஜதானியில் 1913-ல் அறிக்கை கொடுத்த காட்டுக் கமிட்டியும், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உதவுகிற காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்று சொல்லிற்று. இங்கேயும் சில காடுகள் அப்படி விடப்பட்டன. ஆனால் குமாவுனில் வேர் பிடித்தமாதிரி வேறெங்கும் அது வேர் பிடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது இந்தப் பஞ்சாயத்துகள் தாராளமாக நடந்துகொள்ளவில்லை என்பதை. ஒழுங்காக நடந்த ஊர்களில் காட்டிலாகாவுக்குச் சற்றும் குறையாத கண்டிப்பு. மழைக்காலம் முழுவதும் புல்தரையைப் பூட்டி வைப்பார்கள். மழை ஓய்ந்து புல் முற்றிய பிறகு, இன்ன தேதி முதல் இத்தனை நாள் என்று திறப்பார்கள். வீட்டுக்கு இத்தனை பேர், ஆளுக்கு இத்தனை சுமை. ஒரு சிறு கட்டணம். ஓக் காட்டில் இந்த வருஷம் ஒரு பகுதியில் தழை வெட்டினால், அடுத்த வருஷம் வேறு பகுதி. காவலுக்கு ஊரிலேயே ஒரு ஆள். அவனுக்குச் சம்பளம் வீட்டுக்கு வீடு தானியமாகவோ, வசூலான கட்டணத்திலிருந்து பணமாகவோ கிடைக்கும். நம் பக்கத்து ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டில் நெல் அளக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பூட்டிய காட்டில் புல் அறுத்தால் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வான். அபராதம் கட்டித்தான் அரிவாளை மீட்க வேண்டும்.

அரிவாளைப் பிடுங்கிய அந்தக் காவல்காரனுக்கும், 1921-க்கு முன்னால் அதே அரிவாளைப் பிடுங்கிய காவல்காரனுக்கும் என்ன வித்தியாசம்? கதை எழுதுகிறவனான எனக்கு, மனித மனத்தைப் பற்றிய விஷயம் என்பதால், இந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. பறிபோகிறது அதே அரிவாள். கோபம் வர வேண்டியதும் அதே அளவுதான். ஆனால் ஓரிடத்தில் காட்டுக்குத் தீ வைத்தார்கள். இன்னோரிடத்தில் முணுமுணுத்துக்கொண்டே அபராதம் கட்டினார்கள்.

முதலாவது, கட்டிய அபராதம் எங்கே போகிறது என்பது தெரியும். அந்தப் பணம் ஊரின் கணக்கிலேயே நிற்கிறது. இரண்டாவது, மிச்சம் வைத்தது யாருக்கு என்பது தெரியும். பூட்டி வைத்த மலைச்சரிவு கண்ணெதிரே பசுமை கட்டுவதைப் பார்க்கலாம். அடுத்த வருஷம் அறுக்கப்போவது தானேதான். மூன்றாவது, அபராதம் போடுகிறவன் நாளைக்குத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வர வேண்டியவன். அவன் அளவு மீறினால் அடுத்த தேர்தலில் இறக்கிவிடலாம். குறைந்தபட்சம் கிணற்றடியில் வைத்து வையலாம். ரேஞ்சரை அப்படி வைய முடியாது. எந்த வீட்டில் கறவை மாடு இருக்கிறது, எந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்பதெல்லாம் பஞ்சாயத்துக்குத் தெரியும். அதனால் ஏமாற்றவும் முடியாது. சில சமயம் இரங்கவும் முடியும். மனிதன் விதியை வெறுப்பதில்லை. தன்னைக் கேட்காமல், தன் பிழைப்பைத் தெரிந்துகொள்ளாமல் எங்கிருந்தோ வருகிற விதியைத்தான் வெறுக்கிறான்.

ஆனால் ராம ராஜ்யம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் அநேகமாக ஆண்கள். காட்டுக்குப் போகிறவர்களோ பெண்கள். புல் அறுக்கும் நாளைப் புல் அறுத்தறியாதவர்கள் நிச்சயித்தார்கள். நிலமுள்ளவனுக்குத் தன் வயல் வரப்பிலேயே கொஞ்சம் புல்லும் சொந்த மரமும் இருக்கும். காடு பூட்டிக் கிடந்தாலும் சமாளித்துக்கொள்வான். நிலமற்றவனுக்கும், தாழ்த்தி வைக்கப்பட்ட ஜாதியாருக்கும் காடு ஒன்றே கதி. அவர்களுக்கு ஆறு மாதப் பூட்டு என்பது ஆறு மாதப் பட்டினிக்குச் சமானம். எல்லோருக்கும் ஒரே விதி என்பது கேட்க நியாயமாக இருக்கும்; வயிறு எல்லோருக்கும் ஒரே மாதிரி நிறைந்திருந்தால்தான் அது உண்மையிலும் நியாயமாகும். ‘ஊர்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் இருக்கிற மேடு பள்ளங்களையும் பார்க்கத்தான் வேண்டும். சர்க்காரின் கை பின்னால் இல்லாமலும் முடியாது. அபராதம் கட்ட மறுக்கிற பலசாலியைத் தாசில்தார் கூப்பிட்டுக் கேட்பார் என்ற பயம் இல்லாவிட்டால், பஞ்சாயத்தின் விதி ஏழைக்கு மட்டுமே விதியாக நின்றுவிடும்.

குறைகளோடு கூடத்தான் அது வேலை செய்தது. உத்தராகண்டில், குமாவுனும் கடுவாலும் சேர்ந்து 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் ஏற்பட்டிருக்கின்றன. 2009-ல் சோமநாதன் முதலிய பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக் கோள் படங்களை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்த்தார்கள். கிராமங்கள் காக்கிற காடு, சர்க்கார் காக்கிற காட்டுக்குக் குறைந்த நிலையில் இல்லை. ஆனால் பராமரிப்புச் செலவோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. கணக்கில் கெட்டிக்காரர்களான நம்முடைய குடும்பத் தலைவிகள் இதைக் கேட்டால், பாக்கிக் காட்டை ஏன் இன்னும் அதிகச் செலவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

இந்த இடத்தில் ‘சிப்கோ’வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மரத்தைக் கட்டிக்கொண்டு காப்பாற்றிய அந்த மலைப் பெண்களின் கதை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். 1973-ல் கடுவால் பக்கத்தில் சண்டி பிரசாத் பட்டின் கிராம சுயராஜ்ய சங்கத்தார் ஏர்க்கருவிகள் செய்யச் சில ‘ஆஷ்’ மரங்கள் கேட்டார்கள். காட்டிலாகா இல்லை என்றது. அதே மரங்களை அலகாபாத்தில் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குக் கொடுத்தது. உழுகிறவனுக்கு நுகத்தடிக்கு இல்லாத மரம், விளையாடுகிறவனுக்கு மட்டைக்கு உண்டு! சண்டை அங்கேதான் மூண்டது. 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாத நாளில், கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரவெட்டிகளின் எதிரே போய் நின்றார்கள்.

அவர்கள் கேட்டது காடும் வேண்டும், காட்டால் பிழைக்கிற பிழைப்பும் வேண்டும் என்பது. கிடைத்தது பாதிதான். 1980-ல் காடு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையொட்டி, 1,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைகளில் வியாபாரத்துக்காகப் பச்சை மரம் வெட்டுவதும் தடுக்கப்பட்டது. நல்ல காரியம்தான், மலைச்சரிவுகள் மொட்டையாவது குறைந்தது. ஆனால் எந்தக் கிராமத்தார் மரத்தைக் காப்பாற்றினார்களோ அவர்களுக்கே, வீட்டு உத்திரத்துக்கு ஒரு மரம் கேட்டு அலைவதும், ஊருக்கு ஒரு சாலை போடக் காத்திருப்பதும் பின்னும் கடினமாயிற்று. டில்லியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் காடு ஒரு பச்சை வர்ணம். அங்கே இருக்கிறவர்களுக்கு அது சமையலறையின் பின்கட்டு.

வன பஞ்சாயத்துகளும் இந்தப் பிடியிலிருந்து தப்பவில்லை. 1976-ல் திருத்திய விதிகள், பிறகு புது ராஜ்யமான உத்தராகண்ட் 2001-லும் 2005-லும் கொண்டுவந்த விதிகள், ஒவ்வொன்றும் பஞ்சாயத்தின் கணக்கிலும் திட்டத்திலும் காட்டிலாகாவின் கையெழுத்தை அதிகமாக்கிக்கொண்டே போயின. பஞ்சாயத்துகளின் எண்ணிக்கை ஏறிற்று, அதிகாரம் இறங்கிற்று. ஒருவனைக் காவலுக்கு வைத்துவிட்டு, சாவியைத் தானே இடுப்பில் செருகிக்கொள்கிற எஜமானனை நாம் பார்த்ததில்லையா?

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலையாகப் படுவது வேறொன்று. சில வருஷங்களுக்கு முன்னால் காத்கோதாமிலிருந்து அல்மோராவுக்கு மலைப் பாதையில் பஸ்ஸில் போனேன். சில கிராமங்களில் புல்லை மரத்தைச் சுற்றிக் கூம்பு மாதிரி அடுக்கி, பனிக்காலத்துக்குப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. வேறு சில கிராமங்களில் கூம்புகள் இல்லை, படி வயல்களில் முட்செடி மண்டிக் கிடந்தது, வீடுகள் பூட்டியிருந்தன. 2001-க்கும் 2011-க்கும் இடையில் அல்மோரா ஜில்லாவின் ஜனத்தொகையே குறைந்திருக்கிறது. பிள்ளைகள் டில்லிக்கும் டேராடூனுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருக்கிற வீடுகளில் காஸ் அடுப்பு வந்திருக்கிறது, மாடு குறைந்திருக்கிறது. புலிக்குப் பயந்துகொண்டு புல் அறுக்கப் போன பெண்களின் பேத்திகளுக்கு அந்தக் கஷ்டம் தீர்ந்ததென்றால், அதற்காக யாரும் வருத்தப்படக் கூடாது. நானும் வருத்தப்படவில்லை.

இருந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். மனிதன் காட்டை விட்டு விலகிவிட்டால் காடு தானாகச் செழித்துவிடும் என்பது பட்டணத்தில் இருக்கிற நம்மில் பலருடைய நம்பிக்கை. மலையில் அப்படி நடக்கவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த காட்டில் பைன் சருகு அள்ளுவாரின்றிக் குவிகிறது. பிரூல் என்பார்கள் அதை. ஒரு பீடித் துண்டு போதும். 2016-ம் வருஷக் கோடையில் உத்தராகண்ட் முழுவதும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்தபோது, விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஏரியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொட்ட வேண்டியிருந்தது. கிராமத்தில் ஆள் இருந்து, அந்த ஆளுக்குக் காடு தன்னுடையது என்ற எண்ணமும் இருந்தால், பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவன் அவன்தான். அவன் அடித்து அணைத்த தீயைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வராது.

1921-ல் எரிந்தது, ஜனங்கள் அருகில் இருந்தும் அந்நியர்களாக ஆக்கப்பட்டதால். இன்றைக்கு எரிவதில் ஒரு பங்கு, அவர்கள் அருகிலேயே இல்லாததால். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. காட்டை நம்பி ஒரு கூட்டம் பிழைத்தது. ஆகவே அதைக் காத்தது. பிழைப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்று இரண்டு தட்டிலும் வைத்து நிறுக்கப் பார்க்கிறோம். குமாவுனின் கதையைப் படித்த பிறகு எனக்கு அவை இரண்டு தட்டுகளாகவே தோன்றவில்லை. காட்டை நம்பிப் பிழைக்கிறவனிடம், அளவோடு எடுக்கும் பொறுப்பையும் அந்த அளவைத் தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால், அவனுடைய தேவையே காவலாக மாறுகிறது. பொறுப்பை மட்டும் கொடுத்து உரிமையை எடுத்துக்கொண்டால் அவன் கூலிக்காவல்காரன். உரிமையைக் கொடுத்துப் பொறுப்பை விட்டுவிட்டால் அவனே கோடாரி.

அந்த உரிமையில் புல் சுமக்கிற பெண்ணுக்கும், நிலம் இல்லாதவனுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது மட்டும் 1931-ல் எழுத மறந்துபோன விதி. அதை எழுதிச் சேர்ப்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.